சட்டையின் நிறம் யாருடையது?

தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016இல் தொடங்கியபோது, முதல் கோப்பையை வென்றது தூத்துக்குடியின் பெயரைத் தாங்கிய அணி. டூட்டி பேட்ரியாட்ஸ் என்பது அதன் பெயர். மறு ஆண்டும் இறுதியாட்டம் வரை வந்து சேப்பாக் சூப்பர் கில்லீஸிடம் தோற்றது. பிறகு இந்திய அணிக்குப் போன வாஷிங்டன் சுந்தர் அந்தச் சட்டையைப் போட்டு ஆடியவர். ஆனால் 2021 தொடர் தொடங்கியபோது அதே அணி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் என்று களமிறங்கியது. கோப்பை வென்ற பெயரும் அதன் சின்னமும் ஐந்தே ஆண்டில் முடிந்துபோயின.

கிட்டத்தட்ட அதே காலத்தில் கொல்கத்தாவில் வேறொன்று நடந்தது. 1889இல் பிறந்த மோகன் பகான் கால்பந்துக் கழகம், 2020இல் ஏடிகே என்ற தொழில்முறை அணியோடு இணைக்கப்பட்டது. பெரும் பங்கு புதிய முதலாளியின் கையில் இருந்தது. ஆனாலும் பச்சையும் அரக்குச் சிவப்பும் கலந்த பழைய சட்டையை அவரால் தொட முடியவில்லை. பாய்மரப் படகுச் சின்னத்தையும் எடுக்க முடியவில்லை. பெயருக்கு முன்னால் ஒட்டிய மூன்று எழுத்தை நீக்கச் சொல்லி ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் விடாமல் போராடினார்கள். 2023இல் அந்த எழுத்துகளும் போய்விட்டன.

ஓர் ஊரில் அணியின் அடையாளம் தடமின்றிப் போகிறது. இன்னோர் ஊரில் முதலாளியே அடையாளத்துக்குப் பணிகிறார். வெற்றி தோல்வியை வைத்து இதை விளக்க முடியாது. வென்ற அணியின் அடையாளம்தான் போனது. நிறமும் சின்னமும் எப்படி ஓர் ஊருக்குச் சொந்தமாகின்றன என்பதே ஆராய வேண்டிய கேள்வி. தூத்துக்குடிக்கு வடக்கே, அடையாளங்களை நம்பிப் பிழைப்பு நடக்கும் தருவைகுளம் போன்ற கடற்கரை ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

பூவே சீருடையாக இருந்த காலம்

தமிழர்கள் நிற அடையாளத்தைத் தொழில்முறை விளையாட்டிடமிருந்து கற்றுக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்ததில்லை. மூவேந்தர்களின் கொடிகளில் வில்லும் புலியும் மீனும் இருந்தன. கொடி தொலைவிலிருந்து படையைக் காட்டும். கைகலப்பில் பக்கத்தில் நிற்பவன் யார் என்பதைக் காட்டாது. அதற்குப் பூ இருந்தது. சேரன் பக்கம் பனம்பூ, சோழன் பக்கம் ஆத்திப்பூ, பாண்டியன் பக்கம் வேப்பம்பூ. இந்த மூன்றையும் தொல்காப்பியத்தின் புறத்திணை இயல் பதிவுசெய்கிறது. போரின் ஒவ்வொரு கட்டத்துக்கும் வெட்சி, கரந்தை, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை என்று தனித்தனிப் பூக்கள் குறிக்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டின் உள்ளுயிர் புறநானூற்றின் 45ஆம் பாட்டில் தெரிகிறது. உறையூர்க் கோட்டைக்குள் நெடுங்கிள்ளி. வெளியே முற்றுகையிட்டு நிற்பவன் நலங்கிள்ளி. இருவரும் சோழர்கள். இடையில் நின்று பேசும் கோவூர்கிழார், இருவர் தலையிலும் இருப்பது ஆத்திப்பூதான் என்பதைச் சுட்டிக்காட்டுகிறார். எதிரில் நிற்பவன் பனம்பூச் சூடியிருந்தாலோ வேப்பம்பூச் சூடியிருந்தாலோ போருக்கு ஒரு பொருள் இருக்கும். இருவர் சூடியதும் ஒரே பூ என்பதால் யார் தோற்றாலும் தோற்பது ஒரே குடி என்பது அவர் வாதம்.

சீருடையின் இரண்டு வேலைகளும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கின்றன. எதிரியையும் நம்மவனையும் பிரித்துக் காட்டுவது ஒன்று. அணிந்தவனை அவன் பின்னால் நிற்கும் கூட்டத்தோடு கட்டிப்போடுவது மற்றொன்று. முதல் வேலையை எந்த நிறமும் செய்துவிடும். இரண்டாவதற்குக் காலமும் ஊரும் வேண்டும். பனையும் வேம்பும் ஆத்தியும் அந்தந்த மண்ணில் நிற்கும் மரங்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடலில் நிறம் பேசும் மொழி

தருவைகுளம் செவுள்வலைத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். பருவலையைக் கடலில் மிதக்கவிட்டு, சூரை, சீலா போன்ற பெருமீன்களை எதிர்பார்த்து நாள்கணக்கில் தங்கும் தொழில் அது. வலை நீரோட்டத்தோடு நகரும். அதன் முனை எங்கே இருக்கிறது என்பதை மிதவையில் கட்டிய கொடி காட்டும். தூரத்தில் அசையும் துணியை வைத்து வலையைக் கண்டுபிடிக்க வேண்டும். அது நம்முடையதா, அடுத்தவருடையதா என்று தெரிய வேண்டும். இங்கே நிறம் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்தது.

படகும் அப்படித்தான். அணியத்தில் எழுதிய பதிவெண் ஐஎன்டி, டிஎன், 12, எம்எம் என்று தொடங்கும். நாடு, மாநிலம், தூத்துக்குடிக்கான எண், விசைப்படகு என்ற வகை ஆகியவற்றை அது வரிசையாகச் சொல்லிவிடும். 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் இந்திய மீன்பிடிப் படகு ஒன்றைக் கைப்பற்றித்தான் கரையை நெருங்கினார்கள். அதன் பிறகு கடலோர மாநிலம் ஒவ்வொன்றின் படகுகளுக்கும் தனி நிறம் வகுக்கப்பட்டது. அது அரசு கொடுத்த சீருடை. அதற்கு மேல் சொந்தக்காரர் எழுதுவது தனி: மாதா பெயர், புனிதர் பெயர், பிள்ளைகளின் பெயர், நட்சத்திரம், சிலுவை. எண்ணைப் படிப்பது காவல் கப்பலின் வேலை. படகை வெளித்தோற்றத்தை வைத்தே அறிந்துகொள்வது கரையில் காத்திருப்பவர்களின் பழக்கம்.

திருவிழாவிலும் இதே மொழிதான். தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் ஆண்டுதோறும் ஜூலை 26 அன்று கொடியேறினால், ஆகஸ்ட் 5 வரை நகரமே அந்தக் கொடியின் கீழ் வந்துவிடுகிறது. கொடியேற்றம்தான் விழாவின் தொடக்கம் என்பது தேவாலயத்துக்கும் கோயிலுக்கும் பொது. பாண்டியரின் மீன்கொடி பறந்த கொற்கையும், முத்துக்குளித்துறையும், தோணித் தொழிலும் சேர்ந்த இந்தக் கரைக்கு அடையாளங்களில் பஞ்சமே இல்லை. அப்படியிருந்தும் இந்தக் கரையின் பெயரைத் தாங்கிய அணியின் அடையாளம் ஏன் நிற்கவில்லை?

கண்ணுக்குத் தெரிய வேண்டிய முதல் கடமை

ஊர்ப் பொட்டலில் பந்து ஆடியவர்கள் எல்லோருக்கும் மிகப் பழைய சீருடை முறை ஒன்று தெரியும்: ஒரு பக்கம் சட்டை போட்டவர்கள், மறுபக்கம் சட்டையைக் கழற்றியவர்கள். காசில்லாமல், கண்ணுக்கு ஐயமில்லாமல் இரண்டு அணிகளைப் பிரிக்க இதைவிட எளிய வழி இல்லை. தொழில்முறை விளையாட்டு கோடிகளைக் கொட்டியும் இந்த எளிய பாடத்தைப் பலமுறை மறந்திருக்கிறது.

1996 ஏப்ரல் 13 அன்று இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணி, சவுத்தாம்ப்டன் மைதானத்தில் சாம்பல் நிறச் சட்டையில் இறங்கியது. முதல் பாதியிலேயே மூன்று கோல் வாங்கியது. இடைவேளையில் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் சட்டையையே மாற்றச் சொன்னார். பின்னால் இருந்த கூட்டத்தின் நிறத்தோடு சாம்பல் கரைந்துபோனதால், நிமிர்ந்து பார்க்கும் ஆட்டக்காரர்களுக்குத் தம் ஆட்களே சட்டென்று தெரியவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். மாற்றிய பிறகும் 3–1 என்று தோற்றார்கள். அந்தச் சாம்பல் சட்டை அதோடு ஒதுக்கப்பட்டது.

கிரிக்கெட்டுக்கு நிறம் வந்த கதையிலும் வெளிச்சம்தான் மையம். கெர்ரி பேக்கர் நடத்திய உலகத் தொடர் கிரிக்கெட்டில், 1979 ஜனவரியில் விளக்கொளியில் ஆஸ்திரேலியா மஞ்சளிலும் மேற்கிந்தியத் தீவுகள் பவழ இளஞ்சிவப்பிலும் ஆடின. இரவாட்டத்துக்கு வெள்ளைப் பந்து. அந்தப் பந்து தெரிய வேண்டுமானால் சட்டை வெள்ளையாக இருக்கக் கூடாது. உலகக் கோப்பைக்கு வண்ணச் சட்டை வந்தது 1992இல். நிற மோதலைத் தவிர்க்கும் விதி பின்னாளில் வந்தது. அதன்படிதான் 2019 ஜூன் 30 அன்று பர்மிங்காமில் இங்கிலாந்தோடு ஆடிய இந்திய அணி, நீலத்தை விட்டு ஆரஞ்சு கலந்த சட்டையில் இறங்கியது.

பகல் வெளிச்சத்தில் மனிதக் கண்ணின் கூர்மை உச்சத்தில் இருப்பது 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சை கலந்த மஞ்சளில். கரும்பச்சைப் புல்வெளியில் மஞ்சள் சட்டை துள்ளிக்கொண்டு தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். உயிர்காக்கும் மிதவைச் சட்டைகள் ஆரஞ்சில் இருப்பதும் கடல் நீலத்தில் அது கலந்துபோகாது என்பதால்தான். உப்பளத்தின் வெண்மையும் மணல்வெளியும் கண்ணைக் கூசவைக்கும் தூத்துக்குடிக் கரையில், வெளிர் நிறச் சட்டை எடுக்கும் அணி தன் ஆட்டக்காரர்களைத் தானே மறைத்துக்கொள்கிறது.

துறைமுகம் கொடுத்த நிறம், மீன் கொடுத்த சின்னம்

கண்ணுக்குத் தெரிவது முதல் படி. நிறம் நெஞ்சில் தங்குவதற்கு வேறு வழிகள் உண்டு. துறைமுக மக்களுக்கு நெருக்கமான ஒரு சான்று, அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் துறைமுகப் பகுதியில் 1905இல் பிறந்த போகா ஜூனியர்ஸ் கழகம். என்ன நிறம் எடுப்பது என்ற கேள்வி எழுந்தபோது, துறைமுகத்துக்குள் அடுத்து வரும் கப்பலின் கொடி நிறத்தையே எடுப்பது என்று முடிவு செய்தார்கள். வந்தது சுவீடன் கப்பல். நீலமும் மஞ்சளும் அவர்கள் நிறமாயின. போகா மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் வரலாறு இது. எந்தக் கப்பல் வந்தது என்பது தற்செயல். துறைமுகத்தைப் பார்த்து நின்று நிறம் தேடியது தற்செயல் அல்ல; அவர்கள் வாழ்வே அங்கேதான் இருந்தது.

கொல்கத்தாவில் நிறத்தோடு மீனும் சேர்ந்துகொண்டது. கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்களின் ஆதரவோடு 1920இல் எழுந்த ஈஸ்ட் பெங்கால் கழகம் சிவப்பும் பொன்மஞ்சளும் எடுத்தது. அந்தப் பக்கத்துக்கு அடையாளம் இலிஷ் மீன். மோகன் பகான் பக்கத்துக்கு இறால். எந்த விளம்பர நிறுவனமும் இவற்றை வடிவமைக்கவில்லை. இரண்டு கூட்டங்களின் அடுப்படியிலிருந்து வந்தவை. மோகன் பகானின் பாய்மரப் படகுக்குப் பின்னாலும் ஒரு பெரிய நினைவு நிற்கிறது. 1911இல் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்ட் என்ற பிரிட்டிஷ் படைப்பிரிவு அணியை 2–1 என்று வென்று ஐஎஃப்ஏ கேடயத்தை எடுத்த அணி அது. 2020இல் முதலாளியால் அந்தச் சட்டையை ஏன் மாற்ற முடியவில்லை என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. நூறாண்டு நினைவு தோய்ந்த நிறத்தைப் பங்கு விலைக்கு வாங்க முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கு அருகில் வந்திருப்பது சென்னை சூப்பர் கிங்ஸின் மஞ்சள். 2008இல் ஐபிஎல் தொடங்கியபோது எட்டு அணிகளும் ஒரே நிலையில்தான் நின்றன. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் 2010இல் கறுப்பை விட்டு ஊதாவுக்குப் போனது. ராஜஸ்தான் ராயல்ஸ் 2019இல் நீலத்தை விட்டு இளஞ்சிவப்புக்கு மாறியது. டெல்லியும் பஞ்சாபும் பெயரையே மாற்றின. சென்னையோ மஞ்சளையும் சிங்க முகத்தையும் விடவில்லை. 2016, 2017 இரண்டு ஆண்டுகள் ஆட்டத்துக்கே தடை. 2018இல் திரும்பி வந்தது அதே மஞ்சளில். காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டபோது, ரசிகர்கள் மஞ்சள் சட்டையோடு சிறப்பு ரயிலேறிப் போனார்கள். 2021இல் தோள்பட்டையில் ராணுவ உடைப் பாங்கு சேர்ந்தது, வென்ற கோப்பைகளுக்கு நட்சத்திரம் சேர்ந்தது, விளம்பரதாரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். அடிநிறம் மட்டும் அசையவில்லை. அந்த உறுதிதான் ஒரு சிமென்ட் நிறுவனம் தொடங்கிய அணியின் சட்டையைத் தமிழ்நாட்டுத் தெருக்களின் சட்டையாக மாற்றியது.

சென்னையின் எஃப்சி கால்பந்து அணி வேறு வழியில் போனது. 2014இல் அது எடுத்த சின்னம், கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் முகப்பில் நாம் தொங்கவிடும் திருஷ்டி முகம். தூத்துக்குடியில் புது வீடு கட்டுபவரும் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வார். ஊரில் ஏற்கெனவே உயிரோடு இருக்கும் ஒன்றை எடுத்தால் சின்னத்தை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

பெயர் இருந்தது, மைதானம் இல்லை

இப்போது டூட்டி பேட்ரியாட்ஸுக்குத் திரும்பலாம். அந்தப் பெயருக்கு வேர் இல்லை என்று சொல்ல முடியாது. 1906இல் பிரிட்டிஷ் கப்பல் நிறுவனத்தை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரம் தருவைகுளத்துக்குப் பக்கம். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் பாரதியின் எட்டயபுரமும் இதே மாவட்டத்தில்தான். நாட்டுப்பற்றாளர் என்ற பெயர் இந்த மண்ணுக்கு முழுக்கப் பொருந்தும்.

குறை வேறிடத்தில் இருந்தது. முதல் தொடரின் ஆட்டங்கள் நடந்தது சேப்பாக்கத்திலும் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்திலும் திருநெல்வேலி சங்கர் நகரிலும். தூத்துக்குடி அணி தூத்துக்குடியில் ஆடவில்லை. மிக அருகிலிருந்த சங்கர் நகர்கூட ஏறத்தாழ 50 கி.மீ. தள்ளி. தம் ஊர்ப் பெயரை நெஞ்சில் எழுதிய சட்டை தம் ஊரில் ஓடுவதை இங்குள்ள சிறுவர்கள் பார்த்ததே இல்லை. நிறம் மனத்தில் இறங்குவது நேரில் பார்க்கும்போது, கத்தும்போது, தோற்ற நாளில் அதே சட்டையோடு வீடு திரும்பும்போது. அந்த வாய்ப்பே கிடைக்காத ஊரிடம் விசுவாசத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இது தூத்துக்குடிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. முதல் தொடரின் எட்டு அணிகளில் நான்கு ஊர் மாறின. காஞ்சி வாரியர்ஸ் திருச்சிக்குப் போனது. திருவள்ளூர் வீரன்ஸ் காஞ்சிக்குப் போய், பிறகு நெல்லைக்கு வந்தது. காரைக்குடி காளை திருப்பூர் தமிழன்ஸ் ஆனது. இந்தக் கடைசி மாற்றம் நிறையச் சொல்கிறது. மஞ்சுவிரட்டுக்குப் பேர்போன சிராவயலை அருகில் வைத்திருக்கும் காரைக்குடிக்குக் காளை பொருத்தமான சின்னம். அணி திருப்பூருக்குப் போனபோது பெயரிலிருந்த காளை கூடப் போகவில்லை, போகவும் முடியாது. எடுத்துக்கொண்ட புதிய பெயரோ தமிழ்நாட்டின் எந்த ஊருக்கும் பொருந்தும். ஊர் மாறக்கூடிய அணி தனக்கு எங்கும் பொருந்தும் பெயரைத்தான் தேடும். எங்கும் பொருந்தும் பெயரை எந்த ஊரும் தனதென்று ஏற்காது.

சட்டத்தின் பார்வையில் இதில் பிழை எதுவும் இல்லை. 1999ஆம் ஆண்டின் வணிகக்குறிச் சட்டம் சின்னத்தை மட்டுமல்ல, நிறங்களின் சேர்க்கையையும் வணிகக் குறியாக ஏற்கிறது. குறி பதிவு செய்தவருடையது. அதை மடித்து வைக்கவும் வேறு ஊருக்கு எடுத்துப்போகவும் அவருக்கு உரிமை உண்டு. இதே மாவட்டத்தின் கோவில்பட்டியில் நிலைமை நேர்மாறு. அங்கே ஹாக்கிக்குச் செயற்கைப் புல்வெளி இருக்கிறது, லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி இருக்கிறது, மட்டையோடு மைதானத்துக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எந்த முதலாளியும் அந்த ஊரின் ஹாக்கியை மூட்டை கட்டி எடுத்துப்போய்விட முடியாது.

ஒரு நிமிடத்தில் மாறும் சட்டை

தொழில்முறை அணியைக் குறை சொல்லிவிட்டு நம் ஊர் அணிகளை விட்டுவிட முடியாது. திருவிழாவை ஒட்டியும் கோடை விடுமுறையிலும் நடக்கும் கடற்கரைக் கால்பந்துப் போட்டிகளுக்கு இப்போது சீருடை இல்லாமல் எந்த அணியும் வருவதில்லை. இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது சப்ளிமேஷன் அச்சுமுறை. கைபேசியில் வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், கடைக்காரர் பெயரையும் எண்ணையும் விளம்பரத்தையும் கணினியில் சேர்க்கிறார். தனித் தாளில் அது இடவலமாக அச்சாகிறது. வெள்ளைப் பாலியெஸ்டர் துணியின் மேல் தாளை வைத்து, 200 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேறிய தட்டு அழுத்துகிறது. தாளிலுள்ள சாயம் ஆவியாகி இழைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. பருத்தியில் இது பிடிக்காது. பாலியெஸ்டரில் பிடித்தால் வெடிக்காது, உரியாது. துணி திருப்பூரிலிருந்து வருகிறது. பழைய ஒட்டு எண்கள் இரண்டு துவைப்பில் கழன்ற காலம் போய்விட்டது.

மீனவ இளைஞர்கள் கையில் நல்ல சட்டை வந்தது பெரிய நன்மை; அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் எதையும் அச்சிடலாம் என்று வந்தபின் எதுவும் நிற்பதில்லை. இந்தப் போட்டிக்கு அர்ஜென்டினாக் கோடு, அடுத்த போட்டிக்குப் பார்சிலோனா நிறம், அதற்கடுத்து விளம்பரம் கொடுத்தவர் கேட்ட நிறம். ஆண்டுக்கு ஆண்டு மாறும் சட்டையில் ஊர்ப் பெயர் மட்டும் இருக்கும், ஊர் இருக்காது. முதலாளி செய்ததை நாமே நமக்குச் செய்துகொள்கிறோம்.

நிறத்தை ஊர் எடுத்துக்கொள்ளட்டும்

இதற்கு வழி காட்டிய ஒரு நாடு உண்டு. பிரேசில் 1950இல் சொந்த மண்ணில் உருகுவேயிடம் உலகக் கோப்பையை இழந்தபோது அணிந்திருந்தது வெள்ளைச் சட்டை. 1953இல் ஒரு நாளிதழ் புதிய சீருடைக்குப் போட்டி அறிவித்தது. நாட்டுக் கொடியின் நான்கு நிறங்களும் அதில் வர வேண்டும் என்பது நிபந்தனை. வென்றவர் ஆல்டிர் கார்சியா ஷ்லீ. எல்லையோரச் சிற்றூரில் பிறந்த, இருபது வயதுகூட நிரம்பாத ஓவியர். அவர் வரைந்த மஞ்சள் சட்டையும் நீலக் கால்சட்டையும்தான் இன்று உலகம் அறிந்த பிரேசில்.

முத்துக்குளித்துறை ஊர்களின் பள்ளிகளில் இப்படி ஒரு போட்டி நடத்தலாம். நிபந்தனைகளையும் தெளிவாக வைக்கலாம். சின்னம் இந்தக் கரையில் இருப்பதாக இருக்க வேண்டும்: முத்து, சங்கு, தோணி, உப்பளம், பருவலையின் கொடி, பனை. நிறம் மணலிலும் வெயிலிலும் தனித்துத் தெரிய வேண்டும். இரண்டே நிறங்கள்; எதிரணியோடு மோதினால் மாற்றிக்கொள்ள ஒரு மாற்றுச் சட்டை. விளம்பரதாரர் பெயருக்கு இடம் உண்டு. அடிநிறத்தைத் தொட அவருக்கு உரிமை இல்லை. தேர்ந்தெடுத்ததைக் குறைந்தது பத்து ஆண்டுகள் மாற்றக் கூடாது. ஒவ்வோர் ஆண்டின் சட்டையில் ஒன்றும் அணியின் படமும் ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ இருக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, கட்டுப்பாடுதான் வேண்டும்.

பத்து ஆண்டுகள் ஒரே நிறத்தில் ஆடிய அணியைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு அந்த நிறம் தன் ஊரின் நிறம். அது தோல்வியில் கசக்கும், வெற்றியில் இனிக்கும். விலை பேசினால் கோபம் வரும். மோகன் பகான் ரசிகர்களிடம் இருந்த பலம் அந்தக் கோபம்தான். தூத்துக்குடியின் பெயரில் இன்னோர் அணி கட்டாயம் வரும். அதை வாங்கும் முதலாளி வடிவமைப்பாளரைத் தேடிப் போவதற்கு முன், கரையில் ஏற்கெனவே நிலைத்துவிட்ட ஒரு நிறம் இருக்க வேண்டும். அதை ஊரிடம் கேட்டுப் பெற வேண்டிய இடத்தில் அவர் நிற்க வேண்டும்.